பப்பு பாதத்தை நக்குவது கெட்ட பழக்கம் அல்ல

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் குளுகோரில் இருக்கிறோம். எங்கள் நாய் பப்புவுக்கு மூன்று வயது, ஷிட்சு ரகம். ஐந்து மாதமாக முன்னங்கால் இரண்டையும் ஓயாமல் நக்குகிறான். வெள்ளை முடி காவி நிறமாகிவிட்டது, பாதத்தில் புளித்த வாடை அடிக்கிறது. அடிக்கடி காதைச் சொறிந்து தலையை உதறுகிறான். கிளினிக்கில் ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தான், மறுபடி ஆரம்பித்துவிட்டான். என் மாமியார் மஞ்சள் குழைத்துப் பூசினார், ராத்திரியில் கோடாலித் தைலமும் தடவுகிறார். இது வெறும் பழக்கம், நாலு அதட்டு அதட்டினால் நின்றுவிடும் என்கிறார் கணவர். கோழியை நிறுத்து என்கிறார்கள் பக்கத்து வீட்டில். நக்க விடாமல் கழுத்தில் கூம்பு மாட்டலாமா? நான்கு வயது மகள் அவனைக் கட்டிப்பிடித்துத்தான் தூங்குகிறாள். அவளுக்கு ஏதும் தொற்றுமா?
வாசகி, பினாங்கு

பதில்:

வணக்கம் அம்மா. இன்றைக்கே நிறுத்த வேண்டியவை இரண்டு. ஒன்று அதட்டல், இன்னொன்று தைலம்.

தைலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் உடனடி ஆபத்து இருக்கிறது. நம் வீடுகளில் தலைவலி, வயிற்று உப்புசம், கொசுக்கடி எல்லாவற்றுக்கும் அந்தச் சின்னப் புட்டிதான். நாம் தடவிக்கொண்டால் தோலோடு போயிற்று. நாயின் பாதத்தில் தடவியதோ கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றுக்குள் இருக்கும். இந்த மாதிரித் தைலங்களில் மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் இருக்கின்றன. மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்தது. நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், அதிகமானால் அதற்கு மேலும் போகும். ஏற்கெனவே சிவந்திருக்கும் விரலிடுக்கில் எரிச்சல் வேறு, அதனால் இன்னும் அதிகமாகத்தான் நக்குவான். இன்று ராத்திரி பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவிவிடுங்கள். வெறும் தண்ணீருக்குத் தைலம் போகாது. அவன் வாந்தி எடுத்தாலோ, எச்சில் ஒழுகினாலோ, தள்ளாடி நடந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

மஞ்சள் விஷம் இல்லை. ஆனால் குழைத்துப் பூசினால் விரலிடுக்கு ஈரமாகவே இருக்கும், தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதும் தெரியாமல் போகும். உங்கள் மாமியார் பாசத்தோடுதான் செய்திருக்கிறார், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தப் பாசத்துக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். டீ ட்ரீ எண்ணெய், குழந்தைகளுக்குப் பூசும் ஜிங்க் கிரீம், டெட்டால், தேங்காய் எண்ணெய் ஆகியவையும் பாதத்துக்கு வேண்டாம். முதல் இரண்டும் நாய்க்கு நஞ்சு. டெட்டால் எரிச்சலைக் கூட்டும். தேங்காய் எண்ணெய் வாசனைக்கு எந்த நாயும் இன்னும் ஆசையாக நக்கும். வலி போகட்டும் என்று பனடோலும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. இது பழக்கமா, அரிப்பா? ராத்திரியில் கவனியுங்கள். தூங்குகிற நாய் எழுந்து உட்கார்ந்து பாதத்தை நக்கினால் அது அரிப்பு. சாப்பாட்டை வைத்த பிறகும் பாதியில் விட்டுவிட்டு நக்கப் போனாலும் அப்படித்தான். வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும், அல்லது தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் பட்டாசுச் சத்தம் கேட்டுப் பயந்த நாட்களில் மட்டும் நக்கி, நீங்கள் கூப்பிட்டதும் விட்டுவிட்டு வருகிற நாய்க்கு மனக்கவலை காரணமாக இருக்கலாம். பப்பு அந்த ரகம் இல்லை. நிறம் மாறிய முடி, வாடை, காது மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அவனுக்கு அரிக்கிறது. அதட்டினால் உங்கள் கண் முன்னால் நக்க மாட்டான், கட்டிலுக்கு அடியில் போய் நக்குவான். அரிப்பும் குறையாது, உங்கள் மேல் பயம்தான் மிஞ்சும்.

நாளைக் காலையில் நல்ல வெளிச்சத்தில் அவனை மடியில் போட்டுக்கொண்டு பாதத்தைப் பாருங்கள். முடியின் காவி நிறத்தைப் பார்த்து மிரள வேண்டாம். எச்சிலில் உள்ள ஒரு நிறமி வெள்ளை முடியில் ஏறி அப்படி ஆகிறது. நாய் அங்கே நிறைய நாளாக நக்குகிறது என்பதுதான் அதன் பொருள். முடியை விலக்கி, இரண்டு விரல்களை மெதுவாகப் பிரித்து, நடுவில் இருக்கும் தோலைப் பாருங்கள். நல்ல தோல் வெளிர் நிறத்தில், காய்ந்து, மெல்லியதாக இருக்கும். சிவந்து, தடித்து, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் அங்கே தொற்று இருக்கிறது. நகம் முளைக்கிற இடத்தையும் பாருங்கள். அங்கே பழுப்பாக, மெழுகு போல அழுக்கு படிந்திருந்து, நீங்கள் சொன்ன அந்தப் புளித்த வாடையும் வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட் பூஞ்சைதான். இதற்கு மலசீசியா என்று பெயர். எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான். ஈரமும் சூடும் எச்சிலும் கிடைத்தால் பெருகிவிடும். பினாங்கில் இதற்குக் குறைவே இல்லை.

ஒரே ஒரு காலை மட்டும் நக்குகிற நாய் என்றால் நான் வேறு மாதிரி யோசிப்பேன். முள், உடைந்த நகம், விரலிடுக்கில் ஒட்டிய உண்ணி, திடலில் துணியெல்லாம் ஒட்டிக்கொள்ளும் கெமுஞ்சுப் புல்லின் கூரிய விதை, வயதான நாய் என்றால் மூட்டு வலி, இப்படி. புல் விதை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அதைக் கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். பப்பு இரண்டு காலையும் ஒரே மாதிரி நக்குகிறான், காதும் சேர்ந்திருக்கிறது. நாயின் பாதமும் காதும் சேர்ந்து அரித்தால் எனக்கு முதலில் தோன்றுவது அலர்ஜி.

ஊசி ஏன் இரண்டு வாரத்தோடு நின்றுபோனது என்பதும் இதில்தான் இருக்கிறது. அலர்ஜியால் அரிக்கிறது, அரிப்பதால் நக்குகிறான், நக்குவதால் ஈரம், ஈரத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும், அவற்றால் மேலும் அரிப்பு. உங்கள் கிளினிக்கில் போட்டது அநேகமாக ஸ்டீராய்டு ஊசி. அது அரிப்பை அடக்கும், ஆனால் பூஞ்சையைக் கொல்லாது, அலர்ஜி எதனால் வந்தது என்றும் சொல்லாது. அடுப்பைக் குறைக்காமல் பொங்குகிற பாலில் தண்ணீர் தெளிப்பது போலத்தான். அவர்கள் தவறாக வைத்தியம் பார்த்தார்கள் என்று சொல்லவில்லை. முதல் தடவை ஊசி போடுவது நியாயம்தான். திரும்ப வந்துவிட்டதால் இனி அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை போகும்போது, விரலிடுக்கில் டேப் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சில நிமிட வேலை, நாய்க்கு வலிக்காது. பூஞ்சையா, பாக்டீரியாவா, இரண்டுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். தோலைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் டெமோடெக்ஸ் என்கிற தோல் பூச்சி இருக்கிறதா என்பதும் தெரியும். பாதத்தில் மட்டும் டெமோடெக்ஸ் வருகிற நாய்கள் உண்டு. காதையும் உள்ளே விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அலர்ஜி என்றால் எதற்கு? குளிர்நாடுகளில் மகரந்தம் பறக்கிற மாதங்களில் மட்டும் அரிக்கிற நாய்கள் இருக்கின்றன. அங்கே மாதத்தை வைத்தே பாதி ஊகித்துவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. இங்கே வருஷம் முழுக்க ஒரே வெக்கை, ஒரே ஈரப்பதம். மெத்தை, சோபா, கம்பளம், நாயின் படுக்கை எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி பன்னிரண்டு மாதமும் வாழ்கிறது. சுற்றுப்புற அலர்ஜி உள்ள நாய்களுக்கு முக்கியமான எதிரி அதுதான். இந்த அலர்ஜி பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். ஷிட்சு, லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், பிரெஞ்சு புல்டாக் போன்ற ரகங்களில் அதிகம் பார்க்கிறோம். பப்புவின் வயதும் ரகமும் இதற்குப் பொருந்துகின்றன.

கோழியும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் இரண்டு வாரம் கோழியை நிறுத்திப் பார்த்து எதுவும் தெரியாது. நாய்களுக்கு உணவு அலர்ஜி தருவதில் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை முன்னணியில் நிற்கின்றன. நீங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்காதவர்களாக இருந்தாலும் பாக்கெட் உணவிலும் கடித்துத் தின்னும் குச்சிகளிலும் அது இருக்கும். ஆட்டிறைச்சி என்று முன்பக்கம் பெரிதாகப் போட்ட பையைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால் கோழிக் கொழுப்பு இருக்கும். ரத்தத்தில், முடியில், எச்சிலில் உணவு அலர்ஜி கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விற்கும் சோதனைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், அவற்றை நம்ப முடியாது. நம்பக்கூடிய வழி ஒன்றுதான். இதுவரை அவன் சாப்பிடாத இறைச்சி வகை, அல்லது புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த மருத்துவ உணவு, இரண்டில் ஒன்றை மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். உணவு அலர்ஜி உள்ள பத்து நாய்களில் ஒன்பதுக்கு அதற்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். குறைந்தால், பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உறுதி.

இந்த எட்டு வாரம் தோற்பது பெரும்பாலும் பாசத்தால்தான். காலையில் பசியாறும்போது தாத்தா கிள்ளிப் போடும் ரொட்டிச் சானாய், குழந்தை கையிலிருந்து விழும் பிஸ்கட், கறியில் நனைந்த ஒரு வாய்ச் சோறு, இவற்றில் எது ஒன்று போனாலும் கணக்கு முதலிலிருந்து. கறியில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், அவை நாய்க்கு எப்போதுமே ஆகாது. மாட்டிறைச்சிச் சுவையூட்டிய உண்ணி மாத்திரைகள் உண்டு. அதையும் டாக்டரிடம் சொல்லி அந்த எட்டு வாரத்துக்கு வேறு மருந்து கேளுங்கள். வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்டால் ஆரம்பியுங்கள். இல்லையென்றால் பூஞ்சையை முதலில் சரிபண்ணிவிட்டு, வீட்டு ஆட்களைப் பேசிச் சம்மதிக்க வைத்துப் பிறகு தொடங்கலாம்.

சரி, பாதத்துக்கு என்ன செய்வது? மாமியாருக்கு ஒரு வேலை என்று சொன்னேனே, அது இதுதான். குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் தலா 2 சதவீதம் கலந்த, நாய்களுக்கான ஷாம்பு கிளினிக்கில் கிடைக்கும். வாரம் இரண்டு முறை, சின்னப் பேசினில் பாதத்தை நனைத்து, ஷாம்பு போட்டு விரலிடுக்கெல்லாம் தேய்த்து, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். பத்து நிமிடம் நிஜமாகவே பத்து நிமிடமாக இருக்க வேண்டும். மருந்து தோலில் நின்றால்தான் வேலை செய்யும், போட்டவுடன் கழுவினால் வெறும் வாசனைதான். அதுவரை அவன் நக்கிவிடாமல் யாராவது மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பொறுமையும் பாசமும் உள்ள ஒரு பாட்டியை விட இதற்கு வேறு யார்? நன்றாகக் கழுவிய பிறகு துண்டை ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு ஒற்றி எடுங்கள். அப்புறம் முடி உலர்த்தும் கருவியைச் சூடு இல்லாத காற்றில் வைத்துக் காட்டுங்கள். பினாங்கில் தானாகக் காயட்டும் என்று விட்டால், ஷிட்சுவின் பாத முடி சாயங்காலம் வரை காயாது. கழுவுவதை விட உலர்த்துவது முக்கியம் என்றே சொல்வேன். பாதத்தின் அடியில், மெத்தை போன்ற திண்டுகளுக்கு நடுவே வளரும் முடியைக் குரூமிங் கடையில் வெட்டிவிடச் சொல்லுங்கள், ஈரம் தங்காது. மூன்று வாரம் இப்படிச் செய்துவிட்டு டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். தொற்று ஆழமாக இருந்தால் மாத்திரையும் தேவைப்படும்.

வெளியே போய் வந்ததும் ஷாம்பு வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். காலைப் பனியில் நனைந்த திடல் புல், பத்து ஃபெரிங்கி மணல், கடல் தண்ணீரின் உப்பு எல்லாம் அப்படிப் போய்விடும். சாலையோரப் புல் மொத்தமாக மஞ்சளாகிக் கிடந்தால் களைக்கொல்லி அடித்திருப்பார்கள், அந்தப் பக்கம் கூட்டிப்போக வேண்டாம். வீட்டுக்குள்ளே தரை துடைக்கும் திரவத்தையும் யோசித்துப் பாருங்கள். வாசனை நிற்க வேண்டும் என்று மூடி மூடியாக ஊற்றித் துடைத்த தரையில் காலணி இல்லாமல் நடப்பது அவன் மட்டும்தான். துடைத்த அன்று நக்கல் கூடினால், வயிற்றுப் பக்கமும் சிவந்தால், அதைச் சந்தேகப்படலாம். புட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் கலக்காமல், பிறகு ஒருமுறை வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு அவனை விடுங்கள்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்து மாதம் தவறாமல் நடக்கிறதா? விட்டுப்போயிருந்தால் முதலில் அதைத் தொடங்குங்கள். நெக்ஸ்கார்ட், ப்ராவெக்டோ வகை மாத்திரைகள் உண்ணிக்கும் டெமோடெக்ஸுக்கும் வேலை செய்யும். எப்போதாவது வலிப்பு வந்த நாய் என்றால் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்து, உணவும் காரணம் இல்லை என்று தெரிந்தால், மிச்சம் சுற்றுப்புற அலர்ஜி. அதை அடியோடு குணப்படுத்த முடியாது, கட்டுக்குள் வைத்திருக்க முடியும். இதை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது. ஒவ்வொரு முறை திரும்ப வரும்போதும் வைத்தியம் பலிக்கவில்லை என்று கிளினிக் மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் முதல் ஊசியிலிருந்து ஆரம்பிப்பார்கள், நாய்தான் கஷ்டப்படும். ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டுங்கள். ஸ்டீராய்டைக் கொஞ்ச நாளுக்குக் கொடுக்கலாம். மாதக்கணக்கில் போனால் தண்ணீர் அதிகம் குடிப்பான், அடிக்கடி சிறுநீர் போவான், எடை கூடும், தோல் மெலியும். ஓக்லாசிடினிப் மாத்திரை, லோகிவெட்மாப் ஊசி என்று அரிப்புக்காகவே வந்த மருந்துகள் இருக்கின்றன. அப்போக்வெல், சைட்டோபாயிண்ட் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாத்திரை ஒரு வயதுக்கு மேற்பட்ட நாய்களுக்கு. ஊசி ஒருமுறை போட்டால் நான்கிலிருந்து எட்டு வாரம் வரை தாங்கும். செலவு கூடுதல்தான். பூஞ்சையைச் சரிபண்ணாமல் இவற்றைப் போட்டாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும், அதனால் ஷாம்புவை விட்டுவிடாதீர்கள். அப்படியும் அடங்காத அலர்ஜிக்குச் செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கடிதம் தரச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

கூம்பு? தோல் கிழிந்து ரத்தம் கசிந்தால், ஆறும் வரை சில நாள் மாட்டலாம். அது வாயைத்தான் தடுக்கும், அரிப்பைத் தடுக்காது. அதனால் மருந்தோடு சேர்த்துத்தான் மாட்ட வேண்டும். காலுறை போட்டு நாள் முழுக்க விடாதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பெருகும். விரலிடுக்கில் கொப்புளம் போலக் கட்டி வந்து உடைந்தாலோ, சீழ் வந்தாலோ, பாதம் வீங்கினாலோ, காலை ஊன்றாமல் நொண்டினாலோ அன்றைக்கே காட்டுங்கள். அது வீட்டில் கழுவிச் சரிபண்ணுகிற கட்டம் இல்லை.

கடைசியாக உங்கள் மகள். ஈஸ்ட் பூஞ்சை நாயின் சொந்தத் தோலில் இருப்பதுதான், ஆரோக்கியமான குழந்தைக்கு அதனால் பொதுவாக ஒன்றும் ஆகாது. அலர்ஜி தொற்றவே தொற்றாது. தொற்றக்கூடியவை வேறு: படர்தாமரை, சொறிப்பூச்சி, கொக்கிப்புழு. குழந்தையின் உடம்பில் வட்டமாகத் தடிப்பு வந்தாலோ, ராத்திரியில் அவளும் சொறிந்தாலோ, அவளுடைய டாக்டரிடம் வீட்டில் நாய் இருப்பதைச் சொல்லுங்கள், பப்புவின் டாக்டரிடம் குழந்தைக்கு அரிப்பு இருப்பதைச் சொல்லுங்கள். பப்புவுக்குக் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று அட்டையைப் பாருங்கள், காலம் கடந்திருந்தால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கிளினிக்கில் சோதித்துப் பார்க்கும் வரை சில நாள் மட்டும் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே படுக்கட்டும். அதற்குப் பிறகு, தொற்றுகிற நோய் எதுவும் இல்லையென்றால், அவளோடு படுக்கலாம். மெத்தை விரிப்பையும் பப்புவின் படுக்கைத் துணியையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், அந்தச் சூட்டில்தான் தூசிப் பூச்சி சாகும்.